லக்கலவில் சிக்னல் போனால் ஆட்டமும் போக வேண்டுமா?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மேலேறி, ரிவர்ஸ்டன் மேட்டைக் கடந்து கிழக்கே இறங்கும் வீதி இல்லுக்கும்புறவைத் தொட்டுக்கொண்டு லக்கலவுக்குப் போகிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கச் சரிவு அது. ரிவர்ஸ்டன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. ஆனால் அடிவாரத்துப் பள்ளங்களில் இருக்கும் வீடுகளுக்குக் கைத்தொலைபேசி அலை எட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த அலைகள் பெரும்பாலும் நேராகவே பாய்பவை. நடுவே ஒரு மலை முதுகு வந்தால் அதற்கப்பால் இருப்பவருக்குச் சிக்னல் மங்கிவிடும். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. அதற்குப் பதிலாக 2019இல் லக்கல புதிய நகரம் திறக்கப்பட்டது. நகரத்துக்குள் இருப்பவருக்கு வசதிகள் கிட்டே வந்துவிட்டன. மலை மடிப்புகளுக்குள் இருக்கும் கிராமங்களுக்கு மலை அதே மலைதான். வீடியோ கேம் பற்றிப் பேச இப்படியோர் இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நண்பர்களோடு சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்ட ஓர் ஆட்டம், சேர்ந்து ஆடுவதைக் கட்டாயமாக்கும்போது அதன் இன்பம் கூடுகிறதா, குறைகிறதா என்பதே கேள்வி. சிக்னல் குறையாத நகர வீட்டில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. லக்கல போன்ற இடத்தில் அதைத் தவிர்க்கவே முடியாது.

ஒருவரையொருவர் தோற்கடிக்கும் ஆட்டங்கள் ஒரு வகை. எல்லோரும் ஒரே பக்கம் நின்று, கணினி அனுப்பும் எதிரியையோ புதிரையோ சமாளிக்கும் ஆட்டங்கள் இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் கூட்டு ஆட்டம் என்கிறோம். இந்த வகையின் இன்பம் உண்மையானது. அதை நிரூபிக்க ஓர் ஆட்டமே போதும். சுவீடனின் ஹேஸ்லைட் நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் டூ’வில் தனியாக ஆட வழியே கிடையாது. விவாகரத்தை நெருங்கிவிட்ட கோடி, மே என்ற தம்பதியர் பொம்மை உருவங்களாகச் சுருங்கி, தங்கள் வீட்டுக்குள்ளேயே பயணம் போகும் கதை. ஓர் அத்தியாயத்தில் கோடியின் கையில் ஆணிகள், மேயின் கையில் சுத்தியல். கோடி மரச் சுவரில் ஆணியை எறிந்து குத்தினால்தான் மே அதில் சுத்தியலைக் கொளுவி ஊஞ்சலாடி அடுத்த பலகைக்குத் தாவ முடியும். ஒருவர் கொஞ்சம் முந்தினாலும் மற்றவர் விழுந்துவிடுவார். உடனே இருவருக்கும் சிரிப்பு வரும், பிறகு கோபம், பிறகு மறுபடி முயற்சி. இரண்டு பேரின் கையும் கண்ணும் ஒத்துப்போகும் அந்தக் கணத்துக்காகவே இந்த ஆட்டம் செய்யப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் இதற்கே கிடைத்தது. ‘தனியாளுக்கும் ஒரு வழி வையுங்கள்’ என்று இதனிடம் கேட்பது நியாயமில்லை. துணை இல்லாவிட்டால் இதில் ஆட்டமே இல்லை.

ஆனால் ஹேஸ்லைட் எதைக் கேட்டது, எதைக் கேட்கவில்லை என்று பார்க்க வேண்டும். ஆட்டத்தின் வடிவமைப்பில் அது கேட்டது இன்னொரு மனிதரை மட்டுமே. அந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே திரை இரண்டாகப் பிரியும். தூரத்தில் இருந்தால் ஒருவர் வாங்கிய பிரதியிலேயே மற்றவர் பணம் கட்டாமல் சேர்ந்துகொள்ள ‘நண்பர் அனுமதி’ உண்டு. இந்த இடத்தில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கூட்டு ஆட்டங்களின் விளம்பரத்தில் ‘நண்பர்களோடு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல வேறுபட்ட கட்டாயங்கள் ஒளிந்து வருகின்றன. ஆள் வேண்டும் என்பது ஒன்று. இத்தனை ஆள் வேண்டும் என்பது வேறு. நிறுவனத்தின் சேர்வரோடு ஓயாத இணைப்பு வேண்டும் என்பது இன்னும் வேறு. இன்னொரு நிறுவனத்தில் கணக்குத் திற என்பது முற்றிலும் வேறு. முதலாவது நட்பைக் கூட்டக்கூடியது. மற்றவை பெரும்பாலும் நிறுவனத்தின் வசதிக்கானவை. அவை நட்பின் பெயரில் வந்து இன்பத்தைக் குறைக்கின்றன.

இதற்கு இலங்கையர்களை நேரடியாகத் தொட்ட சான்று ஒன்று உண்டு. 2024 பெப்ரவரி 8ஆம் திகதி ‘ஹெல்டைவர்ஸ் 2’ வெளியானது. செய்தது சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம், வெளியிட்டது சோனி. நான்கு பேர் வரை ஒரு கோளில் இறங்கி, பூச்சிப் படையையும் இயந்திரப் படையையும் எதிர்த்து வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். நண்பரின் குண்டு உங்களையும் கொல்லும். செத்த தோழரைத் திரும்பக் கொண்டுவர, எதிரி சூழ்ந்து நிற்கும் நேரத்திலும் மேல், கீழ், வலம், இடம், மேல் என்று அம்புக்குறிகளைப் பிழையில்லாமல் அழுத்த வேண்டும். பதற்றத்தில் ஒரு குறி தவறினால் மறுபடி முதலிலிருந்து. கூட்டு ஆட்டத்தின் பரபரப்பை இவ்வளவு கச்சிதமாகப் பிடித்தவை குறைவு. பன்னிரண்டு வாரங்களில் 1 கோடியே 20 இலட்சம் பிரதிகள் விற்றதில் வியப்பில்லை. விரும்பினால் தனியாகவும் இறங்கலாம். ஆனால் தனியாக இறங்கினாலும் சேர்வர் தொடர்பு வேண்டும். முதல் வாரங்களில் கூட்டம் தாங்காமல், ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4,50,000 பேருக்கு மேல் நுழைய முடியாது என்று வரம்பு போட்டார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே போக முடியாமல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தார்கள்.

பெரிய அடி மே மாதத்தில் விழுந்தது. கணினியில் ஆடுபவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று மே 3ஆம் திகதி அறிவித்தார்கள். இந்த நிபந்தனை விற்பனைப் பக்கத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருந்தது. தொழில்நுட்பச் சிக்கலால் அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கணக்குச் சேவை உலகின் பெரும்பாலான நாடுகளில் கிடையாது. இந்தியாவில் உண்டு, இலங்கையில் இல்லை. சில நாட்களுக்குள் ஸ்டீம் இணையக் கடையில் 177 நாடுகளிலும் ஆட்சிப்பரப்புகளிலும் ஆட்டம் விற்பனையிலிருந்து இறக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் விமர்சனங்களை எழுதினார்கள். மே 6ஆம் திகதி சோனி பின்வாங்கியது. ஆனால் கட்டாயம் நீங்கிய பிறகும் பல மாதங்கள் அந்த நாடுகளுக்கு விற்பனைக் கதவு திறக்கவில்லை. அதே மாதம் கணினிக்கு வந்த சோனியின் ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’வின் கதை இன்னும் கசப்பானது. அது அடிப்படையில் ஒருவர் தனியாக ஆடும் ஆட்டம். அதன் கூட்டு ஆட்டப் பகுதிக்கு மட்டுமே அந்தக் கணக்குத் தேவை. அப்படியிருந்தும் அந்தச் சேவை இல்லாத நாடுகளில் முழு ஆட்டத்தையுமே விற்க மறுத்தார்கள். யாரோடும் சேராமல் தனியாகக் கதையை மட்டும் ஆட நினைத்தவருக்கும், ‘சேர்ந்து ஆடும் வசதி’ என்ற ஒன்றின் காரணமாக ஆட்டம் கிடைக்காமல் போனது.

இன்பம் ஏன் குறைகிறது என்பதை ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சர்ட் ரயன், ஸ்கொட் ரிக்பி, அன்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, வீடியோ கேம் ஏன் பிடிக்கிறது என்பதை மூன்று தேவைகளைக் கொண்டு விளக்கியது: நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், திறமை வளர்கிறது என்ற உணர்வு, பிறரோடு ஓர் உறவு. கூட்டு ஆட்டம் மூன்றாவதை அள்ளிக் கொடுக்கிறது. கட்டாயம் முதல் இரண்டையும் அரிக்கிறது. நாலு பேர் கூடும் நேரம்தான் ஆட்ட நேரம் என்றால் எப்போது ஆடுவது என்பது நம் கையில் இல்லை. இணைப்பு அறுந்ததால் தோற்றால் அந்தத் தோல்வி எதையும் கற்றுத்தராது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரின் இணைப்பு ஒரு மணிநேரம் அறுபடாமல் நிற்பதற்கு நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மோசமென்று சொல்ல முடியாது. இருவருடைய இணைப்பும் நிற்பதற்கான வாய்ப்பு 64. மூவர் என்றால் 51. நால்வர் என்றால் 41தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரவாயில்லை என்று தோன்றும் இணைப்பு, நாலு பேர் கட்டாயம் என்றதும் இரண்டு நாளில் ஒரு நாளுக்கு மேல் கெட்டுப்போகிறது. அதே 2006இல் பலோ அல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் ‘வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட்’ ஆடுவோரின் நடமாட்டத்தைப் பதிந்து பார்த்தபோது, பலரோடு ஆடவென்றே கட்டப்பட்ட உலகத்திலும் மக்கள் பெரும்பாலும் தனியாகவே திரிகிறார்கள் என்று கண்டார்கள். சுற்றிலும் ஆட்கள் இருப்பது பிடிக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் சேர்கிறார்கள்.

மேலே போட்ட இணைப்புக் கணக்கில் இருக்கும் எண்பது என்ற எண் எங்கிருந்து குறைகிறது என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போனது. ரவுட்டர் அணைவது ஒரு பக்கம். வெட்டு நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். கொரோனாக் காலத்தில் பாடசாலைகள் மூடியபோது பதுளை மாவட்டத்தின் போஹிதியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு பாறை உச்சிக்கு ஏறித்தான் பாடங்களை அனுப்பவும் எடுக்கவும் முடிந்தது. படிப்புக்காக அந்த நடை. ஆட்டத்துக்காக யாரையும் அப்படி நடக்கச் சொல்ல முடியாது. லக்கலப் பக்கம் வஸ்கமுவ வனத்தை ஒட்டிய இடங்களில் இருட்டிய பிறகு யானைப் பயம் வேறு.

‘லக்கல பக்கம் எத்தனை வீட்டில் கேம் ஆடும் கணினி இருக்கிறது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாடு முழுவதையும் எடுத்தாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி உண்டு. கிராமத்தில் ஆட்டம் என்றால் போன்தான். ஆனால் போனில்தான் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மை. மலிவான போனிலும் ஓடும்படி செய்யப்பட்டதால் ‘ஃப்ரீ ஃபயர்’ ஊரெங்கும் பரவியது. நாலு பேர் அணியாக இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் முழுக்க முழுக்க இணைப்பில்தான் நடக்கும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் கூடத் தூர சேர்வருக்குப் போய்த்தான் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும். சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்தே ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி போய்வரவே 27 மில்லி வினாடி பிடிக்கும்; அதற்கு மேல் கோபுர நெரிசல், ரவுட்டர் தாமதம் எல்லாம் சேரும். இதற்கு நேர்மாறானது ‘மினி மிலிஷியா’. ஒருவர் தன் போனில் ஹொட்ஸ்பொட் போட்டால் போதும். மற்றவர்கள் அதில் இணைந்து ஒரு சதமும் டேட்டா செலவில்லாமல் ஆடலாம். தெற்காசியாவின் பாடசாலை, பல்கலைக்கழக விடுதிகளில் அந்தச் சின்ன ஆட்டம் அத்தனை பரவியதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதுவும் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம்தான். கேட்பது அறைக்குள் இருக்கும் ஆட்களை மட்டும்.

ஆள் எண்ணிக்கைக் கட்டாயத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஊர்ப் பிள்ளைகள் எல்லே ஆடினாலும் கிளித்தட்டு ஆடினாலும் ஆள் குறைந்த அன்று ஆட்டத்தைக் கைவிடுவதில்லை. கோட்டைச் சுருக்குவார்கள், ஒற்றையாக மிஞ்சும் சின்னத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். வந்த ஆளுக்கு ஏற்ப ஆட்டம் வளையும். ஜப்பானின் ஃப்ரொம்சொஃப்ட்வேர் 2025 மே 30ஆம் திகதி வெளியிட்ட ‘எல்டன் ரிங் நைட்ரெய்ன்’ இப்படி வளையவில்லை. வெளியானபோது மூன்று பேர் அல்லது ஒருவர்தான், இருவருக்கு இடமிருக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆட விரும்பினால் முன்பின் தெரியாத மூன்றாமவர் ஒருவரை ஏற்றே ஆக வேண்டியிருந்தது. அவர் நடுவில் விட்டுப் போனால் ஆட்டத்தின் நிறை முழுவதும் இவர்கள் தலையில். இருவர் ஆடும் வழியைத் தாம் கவனிக்கத் தவறிவிட்டதாக அதன் இயக்குநர் ஜுன்யா இஷிஸாகி ஒப்புக்கொண்டார். ஜூலை 30ஆம் திகதி அந்த வழி சேர்க்கப்பட்டது. டென்மார்க்கின் ‘டீப் ரொக் கலக்டிக்’ இதை ஆரம்பத்திலேயே யோசித்திருந்தது. நாலு பேருக்கான சுரங்க ஆட்டம் அது. தனியாகப் போனால் பொஸ்கோ என்ற பறக்கும் இயந்திரம் கூட வரும். வெளிச்சம் காட்டும், சுடும், விழுந்தால் எழுப்பும். ஆள் கூடக்கூட எதிரியின் பலமும் கூடும். நண்பர்கள் வந்தால் ஆட்டம் இனிக்கிறது. வராத நாளில் ஆட்டம் நின்றுவிடுவதில்லை. 

ஆட்டம் செய்பவர்கள் தரப்பில் வலுவான பதில் ஒன்று உண்டு. சேர்வர் இல்லாவிட்டால் ஏமாற்றுவோரைத் தடுக்க முடியாது. ஹெல்டைவர்ஸ் 2இல் உலகெங்கும் உள்ளவர்களின் வெற்றி தோல்விகள் சேர்ந்தே கோள்களின் போர் முன்னும் பின்னும் நகர்கிறது, அந்தப் பொது அனுபவத்துக்கு எல்லோரும் இணைந்திருக்க வேண்டும் என்பார்கள். பொதுப் போரில் பங்கெடுக்க இணைப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். பொதுக் கணக்கில் சேராமல் வீட்டுக்குள் ஆட ஒரு வழி விடுவதால் அந்தப் போருக்கு என்ன கெடுதல்? கூட்டு ஆட்டத்தில் எதிரி கணினிதானே. தன் அறைக்குள் கணினியை ஏமாற்றுபவர் வேறு யாரையும் கெடுக்கவில்லை. இதைச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2023 செப்டெம்பரில் வந்த ‘பேடே 3’ தனியாக ஆடினாலும் சேர்வரைக் கேட்டது. வெளியான நாட்களில் சேர்வர் படுத்துவிட, ஆட்டம் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த ஆண்டே இணைப்பில்லாமல் ஆடும் வழி வந்தது. ‘ரெட்ஃபோல்’ ஆட்டத்துக்கும் 2024 மேயில் அதே வழி கிடைத்தது. அதைச் செய்த ஆர்கேன் ஒஸ்டின் நிறுவனத்துக்கு அப்போது மூடுவிழா அறிவிக்கப்பட்டிருந்தது. மூடப்படும் நிறுவனத்தாலேயே செய்ய முடிந்ததை, நிலைத்து நிற்பவர்கள் முதல் நாளிலேயே செய்யலாம்.

‘இணைப்பு நாளுக்கு நாள் மேம்படுகிறது, ஸ்டார்லிங்கும் வந்துவிட்டது, இன்னும் சில ஆண்டுகளில் இந்தப் பேச்சே இருக்காது’ என்பது இன்னொரு பதில். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது உண்மை. ஆனால் கருவிக்கு மட்டும் ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டிய விலையில் தொடங்கிய சேவை மலைக் கிராமத்து வீட்டுக்கு எளிதில் போய்ச் சேராது. அதைவிட முக்கியமான விடயம், சிக்னல் முழுசாக இருந்தாலும் மறுமுனையில் சேர்வர் இருக்க வேண்டும். யூபிசொஃப்ட் 2024 மார்ச் 31ஆம் திகதி ‘த க்ரூ’ என்ற காரோட்ட ஆட்டத்தின் சேர்வர்களை அணைத்தது. தனியாக ஓட்டியவர்களுக்கும் அன்றோடு ஆட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு எழுந்த ‘ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்துக்கு 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பலர் நல்ல இணைப்புள்ள இடங்களில் இருப்பவர்கள். லக்கலவில் இன்று நடப்பது அவர்களுக்கு நாளை நடக்கும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இணையவழி ஆட்டமே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலைக்காகவும் போராலும் சிதறிப்போன குடும்பங்கள் நிறைந்த நாடு இது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானும் மாத்தளையில் இருக்கும் மச்சானும் ஒன்பதரை அல்லது பத்தரை மணிநேர வித்தியாசத்தைத் தாண்டி ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணிநேரம் ஒன்றாக ஆடுவது சின்ன விடயம் இல்லை. தொலைபேசியில் ‘சாப்பிட்டாச்சா’ என்பதற்கு மேல் பேச்சு நகராத இருவருக்குச் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. அந்த வசதி இருக்க வேண்டும், இன்னும் நன்றாக இருக்க வேண்டும். இணைப்பு அறுந்த மச்சான் திரும்பி வரும்வரை ஆட்டம் காத்திருக்கவும், விட்ட இடத்திலிருந்து தொடரவும், அவர் வராவிட்டால் மற்றவர் அந்த மாலையைத் தொலைக்காமல் இருக்கவும் வழி வேண்டும். இதையெல்லாம் ஆட்டம் செய்யும்போதே தீர்மானிக்கிறார்கள். பிறகு ஒட்டவைப்பது கடினம், செலவும் அதிகம்.

பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஆட்டம் வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள், முக்கியமாக வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பும் மாமா, சித்தப்பா, அத்தைமார், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் விற்பனைப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். ஒரே திரையில் இருவர் ஆடலாமா, இணைப்பு எப்போதும் வேண்டுமா, வேறு நிறுவனத்தின் கணக்குக் கேட்கிறார்களா, அந்தக் கணக்கு இலங்கையில் கிடைக்குமா என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். ஸ்டீமில் வாங்கினால், 14 நாட்களுக்குள், இரண்டு மணிநேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணிநேரம் முடிவதற்குள், பிள்ளைகள் வழக்கமாக ஆடப்போகும் வீட்டிலேயே, ஆடப்போகும் நேரத்திலேயே ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.